ஆளுக்கொரு நோட்டு: குறைமாத இரட்டையரின் பெற்றோர் கேட்டவை

31 வாரத்தில் எனக்கு இரட்டையர் பிறந்தார்கள். மகள் 1,420 கிராம், மகன் 1,180. அவள் என்ஐசியூவில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், 34 நாள், அவன் 46 நாள். நான் டாக்டர் இல்லை. அந்த மாதிரி வார்டு வாசலில் காத்திருக்கும் அம்மாக்களோடு சில வருடங்களாகப் பேசி வருகிறேன், அவ்வளவுதான். மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதே.

அக்கா, பிறந்து ஐந்து நாள் ஆகிறது. இரண்டு பேருக்குமே எடை இறங்குகிறது. பால் பத்தவில்லையா?

முதல் வாரம் இறங்கத்தான் செய்யும். உடம்பில் கூடுதலாக இருக்கும் நீர் வெளியேறுகிறது. பிறந்த எடையில் நூற்றுக்குப் பத்து, சில சமயம் பதினைந்து பங்கு வரை குறையும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிடுவார்கள். நான் ஒரே நோட்டில் இரண்டு பத்தி போட்டு எடை எழுதினேன். தினமும் மகன் தோற்றுக்கொண்டே இருந்தான், நானும் அழுதுகொண்டே இருந்தேன். ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கொரு நோட்டு வாங்கும்மா" என்றார். அன்று சாயங்காலமே வாங்கினேன்.

சிசேரியன். பீய்ச்சினால் பத்து சொட்டுதான் வருகிறது. இரண்டு பேருக்கு எப்படிப் போதும்?

அந்தப் பத்து சொட்டையும் சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள், கீழே கொட்டாதீர்கள். சீம்பால் சொட்டாகத்தான் வரும். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு வேளைப் பாலே ஓரிரு மில்லிதான். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுங்கள். ராத்திரியும் விடாதீர்கள். முதலில் கையால், பால் ஊறத் தொடங்கியதும் பம்ப். அப்படியும் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்தியாவில் 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் உண்டு.

அப்பாவாக நான் கண்ணாடி வழியாகப் பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

நெஞ்சைக் கொடுங்கள் தம்பி. கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1970-களின் கடைசியில், இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில் பிறந்த வழி. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொன்னது. இரட்டையர் என்றால் அம்மா ஒருத்தியால் எப்படி முடியும்? டாக்டர் சரி என்றதும், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோடு போங்கள். தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்ட குழந்தை, தலை மேலே இருக்கும்படி, உங்கள் நெஞ்சில் தோலோடு தோலாக ஒட்டியிருக்கும். தடவிக்கொண்டே இருக்க வேண்டாம், அது அவர்களுக்குத் தொந்தரவு. ஒரு கை தலையில், ஒரு கை காலில், அசையாமல்.

மானிட்டர் அலறினாலே உயிர் போகிறது.

எனக்கும் போனது. பாதி நேரம் காலில் ஒட்டிய சென்சார் நழுவியிருக்கும். சில சமயம் நிஜமாகவே மூச்சை நிறுத்திவிடுவார்கள். மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு இன்னும் முதிரவில்லை என்பதே காரணம். 20 விநாடியைத் தாண்டினாலோ, அதற்கு முன்பே இதயத் துடிப்பு இறங்கினாலோ அதை மூச்சுத் தடையாகக் கணக்கிடுகிறார்கள். சிஸ்டர் உள்ளங்காலைச் சுண்டுவார், திரும்ப மூச்சு வரும். இதற்குக் காஃபின் மருந்தும் தருவதுண்டு. என் மாமனார், "பிறந்ததுமே காபியா?" என்று கேட்டார்!

மாமியார் சேனை வைக்க வேண்டும் என்கிறார்.

வேண்டவே வேண்டாம். தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் ஆகாது. அவரிடம் மல்லுக்கட்டாதீர்கள், கையில் பாலாடையை, அதுதான் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தை, கொடுங்கள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விட, கர்ப்பக் கணக்கில் 34 வாரம் வாக்கில்தான் பழகும். அதுவரை குழாய், அப்புறம் பாலாடை. சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் பாட்டிகளைப் போலப் பொறுமையாகப் புகட்டுபவர்கள் யாருமில்லை.

ஒருத்தியை நாளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். இன்னொருத்தி உள்ளேயே. எப்படிச் சமாளித்தீர்கள்?

மோசமாகத்தான். வீட்டில் இருந்தால் அங்கே நினைப்பு, அங்கே போனால் வீட்டு நினைப்பு. அம்மா மகளைப் பார்த்துக்கொண்டார், கணவர் காலையில் எடுத்து வைத்த பாலை ஐஸ் பையில் கொண்டுபோவார், நான் மதியம் போய் மகனை நெஞ்சில் போட்டுக்கொள்வேன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: வீட்டுக்கு வரும் குழந்தைக்கும் விழித்திரைப் பரிசோதனை உண்டு. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி இல்லையென்றால், படி இறங்குமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். அவள் நோட்டிலும் குறித்து வையுங்கள்.