எந்தக் கச்சேரி, எந்தக் கட்டு? காவிரிக்கரை ஊர்களின் பழைய காகிதங்கள்: கேள்வி பதில்

ஈரோடு, பவானி, கரூர்ப் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊரின் பழங்கதையைத் தேடுவது பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கச்சேரி என்றால் இங்கே பாட்டுக் கச்சேரி அல்ல, அந்தக் காலத்துச் சர்க்கார் அலுவலகம்; கட்டு என்பது அங்கே சேர்த்துக் கட்டி வைத்த காகிதங்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எங்க ஆளுங்கதான் இந்த ஊரை உண்டாக்கினாங்கன்னு நிரூபிக்க ஆவணம் வேணும்" என்று வந்தவற்றை விட்டுவிட்டேன். முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு காகிதம் தேடுகிறவருக்கு நான் எதற்கு?

அண்ணா, எனக்கு ஊர் பள்ளிபாளையம். பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. கடை கண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். ஆனால் ஈரோட்டுப் பழைய ஆவணங்களில் எங்கள் ஊர்ப் பெயரே கண்ணில் படவில்லையே?

படாதுங்க. பாலம் உங்களுக்குத்தான் பாலம், சர்க்காருக்கு அந்த ஆறு எல்லைக்கோடு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமெல்லாம் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போனது. மேற்குக் கரை திப்புவிடமே இருந்தது, 1799இல் அவர் இறந்த பிறகுதான் மாறியது. ஆக, ஏழு வருஷம் உங்கள் கரையில் ஒரு ராஜ்யம், எதிர்க்கரையில் இன்னொரு ராஜ்யம்.

காகிதமும் அப்படியே பிரிந்துவிட்டது. உங்கள் பக்கத்துக்கு கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் 1792 முதலே நிலம் அளந்து, வரி போட்டு, எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் அச்சிலும் வந்தது. ஈரோட்டுக்குக் கும்பினிக் காகிதம் 1799க்குப் பிறகுதான். அதற்கப்புறமும் நீங்கள் சேலம் ஜில்லா, அவர்கள் கோயமுத்தூர் ஜில்லா. 1979இல் ஈரோடு தனி மாவட்டமானது, அப்போது அதன் பெயர் பெரியார் மாவட்டம். நீங்கள் 1997இல் நாமக்கல்லுக்குப் போனீர்கள். சேலம் கட்டுகளைக் கேளுங்கள், ஊர்ப் பெயர் வரும்.

காகிதம் ஊரைப் பார்த்துப் போவதில்லை, அந்த வருஷம் அந்த ஊர் எந்தக் கச்சேரிக்குக் கட்டுப்பட்டிருந்ததோ அங்கே போகும். தேடப் போகிற எல்லோரும் முதலில் இதைத்தான் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை எந்தத் தாலுகா, எந்த ஜில்லா. அதை முடிக்காமல் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏறாதீர்கள்.

அமராவதிக் கரையிலிருந்து கேட்கிறேன். கரூருக்கும் இதே கதைதானா?

அதேதான். 1910 வரை கரூர்த் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, அப்புறம் திருச்சிக்குப் போனது, 1995இல் தனி மாவட்டம். உங்கள் பாட்டனார் காலத்துக்குத் திருச்சி, அவருடைய பாட்டனார் காலத்துக்குக் கோயமுத்தூர்.

ஐயா, எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் "ரக்தாட்சி வருஷம் ஆடி மாதம்" என்று இருக்கிறது. ஆங்கில வருஷம் கிழிந்துபோன மூலையோடு போய்விட்டது. நிலத்துக்கு "க.ச." என்று ஒரு எண், "ரீ.ச." என்று ஒரு எண். எப்படிப் படிப்பது?

அறுபது வருஷச் சுழற்சி என்பதால் ரக்தாட்சி 1864லும் வரும், 1924லும் வரும், 1984லும் வரும். வருஷப் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பத்திரத்தில் வேறு எங்காவது பசலி (வருவாய்த் துறையின் கணக்கு வருஷம்) என்று எண் இருக்கிறதா பாருங்கள். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைக்கும். கணக்கு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. பசலி 1334 என்றிருந்தால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை.

க.ச. என்பது நம் பக்கத்துப் பழைய சர்வே எண், ரீ.ச. மறு சர்வேயில் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பழைய எண்ணைப் பிடித்துப் பின்னால் போகலாம், புதிய எண்ணை வைத்து அ பதிவேட்டிலும் (கிராமத்து நிலங்களின் பட்டியல்) புலப்படத்திலும் (நிலத்தின் அளவு வரைபடம்) இன்றைய இடத்தைப் பிடிக்கலாம். எல்லை சொல்லும் வரியை விட்டுவிடாதீர்கள். "இன்னார் நிலத்துக்கு வடக்கு, இட்டேரிக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு" என்று எழுதியிருப்பார்கள். இட்டேரி என்பது இரண்டு வேலிக்கு நடுவே போகும் மண்பாதை. இன்று வீட்டு மனையாகிவிட்ட இடத்தில் ஒரு வாய்க்காலும் இட்டேரியும் இருந்ததற்கு, பல சமயம் அந்த ஒரு வரிதான் சாட்சி.

1924 வெள்ளத்தைப் பற்றி எங்கள் ஆத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பவானியிலும் ஈரோட்டிலும் என்ன நடந்தது என்று எதில் பார்க்கலாம்?

அந்த வருஷம் ஜூலையில் வந்த பெருவெள்ளம். மேட்டூர் அணை வேலை மறு வருஷம்தான் தொடங்கி 1934இல் முடிந்தது. வந்த தண்ணீரை மேட்டூரில் நிறுத்தி வைக்க அணை இல்லாத காலம் அது.

வெள்ளம் என்ற தலைப்பில் ஒரு கட்டு தயாராக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வெள்ளம் யாருக்கெல்லாம் செலவு வைத்ததோ அவர்கள் பக்கம் தேடுங்கள். நிலம் அடித்துக்கொண்டு போனவன் வரித் தள்ளுபடி கேட்டிருப்பான், அதற்கு வருவாய்த் துறை, பசலி 1334 ஜமாபந்தி (வருஷாந்திர வரிக் கணக்குச் சரிபார்ப்பு). பாலம், ரோடு என்றால் பொதுப்பணித் துறையும் ஜில்லா போர்டும். தண்டவாளம் என்றால் ரயில்வே. கரையோரத் தெருக்கள் என்றால் நகராட்சித் தீர்மானப் புத்தகம். ஈரோடு 1871 முதலே நகராட்சி. அந்தப் புத்தகங்கள் சுவையில்லாதவை என்று நினைப்பார்கள். எனக்கு அவைதான் பிடிக்கும். சாக்கடைக்கு ஒதுக்கிய தொகையில் ஊரின் எந்த மூலை யாருக்கு முக்கியம் என்பது தெரிந்துவிடும்.

பவானி சங்கமேஸ்வரர் கோயிலுக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் தந்தக் கட்டில் கொடுத்த கதை நிஜமா? மழை ராத்திரியில் அம்மன் ஒரு சிறுமியாக வந்து எழுப்பி வெளியே கூப்பிட்டாளாம், அவர் வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாம்.

கட்டில் நிஜம். வில்லியம் காரோ என்ற கலெக்டர் நிஜம், 1804 என்ற வருஷமும் கட்டிலோடு சேர்ந்தே வருகிறது. சுவரில் மூன்று துளை போட்டு வெளியிலிருந்து வேதநாயகி அம்மனைப் பார்த்தார் என்று காட்டுகிறார்களே, அந்தத் துளைகளும் இருக்கின்றன. சிறுமி வந்தது கோயில் சொல்லும் கதை. கலெக்டர் எழுதிய வருவாய்க் கடிதங்களில் அதைத் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காகப் பொய் என்று எழுத வேண்டியதும் இல்லை. "கட்டில் இது, வருஷம் இது, ஊர் சொல்லும் காரணம் இது" என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கலந்து எழுதினால்தான் வம்பு.

ஈரோடு அவ்வளவு பழைய ஊர் என்கிறார்கள், கோட்டை இருந்தது என்கிறார்கள். பழைய வீடு ஒன்றுகூட இல்லையே?

1800இல் கும்பினி அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் ஊர் ஊராகப் பார்த்து எழுதிக்கொண்டு இந்த வழியாக வந்தார். எழுதி வைத்திருக்கிறார்: ஹைதர் காலத்தில் கோட்டைக்கு வெளியே சுமார் 3000 வீடுகள், திப்பு காலத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆங்கிலேய ஜெனரல் மெடோஸ் படையெடுப்பில் எல்லாமே போனது, தான் பார்க்கும்போது மறுபடி எழும்பி 400 வீடுகள். கோட்டையும் மண் கோட்டைதான். 3000 என்பது அவர் எண்ணியதல்ல, ஊரார் சொன்னது. ஆனாலும் கோயில்களைத் தவிர 1800க்கு முந்தைய கட்டடத்தை ஈரோட்டில் ஏன் தேடிக் காண முடியவில்லை என்பதற்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு முதல் தடவை போகிறேன். என்ன கொண்டு போக வேண்டும்?

அடையாள அட்டை, விண்ணப்பம், தெரிந்த பேராசிரியரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம், பென்சில். போனதும் கட்டைக் கேட்காதீர்கள், அச்சிட்ட அட்டவணைத் தொகுதிகளைக் கேளுங்கள். ஊர்ப் பெயரை அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் அத்தனையிலும் தேட வேண்டும். 1887இல் நிக்கல்சன் எழுதிய கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை அதற்கு முன்பே வீட்டில் படித்து முடித்துவிடுங்கள், கணினியிலேயே கிடைக்கிறது.

எங்கள் மச்சான் வீட்டில் ஒரு செப்பேடு இருக்கிறது. கறுத்துப்போயிருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

தேய்க்கவே கூடாதுங்க. எழுத்து ஆழமில்லாத ஏடாக இருந்தால் புளியோடு அதுவும் போய்விடும். சாய்ந்த வெயிலில் ஒரு பக்கமாக வெளிச்சம் விழும்படி வைத்து, இரண்டு பக்கமும் படம் எடுங்கள். துளையில் வளையம் இருந்தால் கழற்றாதீர்கள். அப்புறம் படத்தை எடுத்துக்கொண்டு கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரிடம் போங்கள், ஏடு வீட்டிலேயே இருக்கட்டும்.