பட்டாசுக் கரிக்கு மென்மரமே வேண்டும் என்கிறார்களே, நம் ஊர் பாக்காவ் (அலையாத்தி மரக்) கரியும் கித்தா (ரப்பர்) மரக் கரியும் ஏன் ஆகா?

சமையலுக்கு நல்ல கரி என்று நாம் எதையெல்லாம் மெச்சுகிறோமோ, அவற்றில் பெரும்பாலானவை பட்டாசுக்குக் குறைகளாகிவிடுகின்றன. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுபவர்கள் பாக்காவ் கரியைக் கேட்டு வாங்குவதற்குக் காரணம், அது நிதானமாக எரிந்து நெடுநேரம் தணல் காப்பதுதான். வெடிமருந்தில் சேரும் கரியோ கண் இமைக்கும் நேரத்தில் எரிந்து தீர வேண்டும்.

பாக்காவ் கரியின் பிறப்பிடம் கோலா செபெத்தாங். 1902 முதல் வனத்துறையின் நிர்வாகத்தில் இருக்கும் மாத்தாங் அலையாத்திக் காட்டில், ஏறத்தாழ 30 ஆண்டுகள் வளர்ந்த மரங்களை வெட்டி, பட்டையை உரித்து, கவிழ்த்த சட்டி போன்ற செங்கற்சூளைகளில் நிற்க வைத்து, வாரக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிறார்கள். புகையின் மணத்தைக் கொண்டே பதம் அறியும் சூளைக்காரர்களை இன்றும் அங்கே பார்க்கலாம். அப்படி வெந்த துண்டு ஒன்றை மற்றொன்றில் தட்டினால் உலோகம் போல ஒலிக்கும். உடைத்தால் முறிந்த முகம் பளபளக்கும். இந்த இறுக்கமே பட்டாசுக்குத் தடை. நுண்துளைகள் குறைந்த, அடர்ந்த கரிக்குள், வெடிமருந்தின் மற்ற இரு பொருள்களான வெடியுப்புக்கும் கந்தகத்துக்கும் நெருங்கிக் கலக்க இடம் குறைவு.

விரலால் நசுக்கினாலே பொடிந்து மையாக ஒட்டும் கரிதான் அந்தத் தொழிலில் விரும்பப்பட்டது. ஐரோப்பிய வெடிமருந்து ஆலைகள் வில்லோ, ஆல்டர் மரங்களை நாடின. இந்தியாவில் துவரை மாரும் (தண்டும்) எருக்கும் அதற்குப் பயன்பட்டன. எருக்கைத் தேர்ந்தவர்கள் பயிரியல் படித்தவர்கள் அல்லர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மரம் இலேசாக இருந்தால் மட்டும் போதாது. சாம்பலும் குறைவாக இருக்க வேண்டும். பட்டையில் தாதுக்கள் மிகுதி என்பதால் அதை நீக்குவது வழக்கம். செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை இலேசானதுதான், ஆனால் சாம்பல் மிகுந்தது. ஆகவே அதை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். மேலும், மிதமான சூட்டில் வெந்த கரியில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் ஓரளவு எஞ்சியிருக்கும். அவை தீ விரைந்து பரவத் துணைசெய்யும். கடுஞ்சூட்டில் வெந்த கரியில் அவை போய்விடுகின்றன.

இருப்பினும் எல்லாப் பட்டாசும் வேகத்தையே வேண்டுவதில்லை. வாணத்தின் பின்னால் நீளும் பொன்னிற வால், காற்றில் எரிந்தபடி விழும் கரித்துகள்களே. அங்கே மெல்ல எரியும் பைன் மரக் கரிக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆகவே மெல்ல எரியும் கரி பட்டாசுக்கு உதவவே உதவாது என்று சொல்வது மிகை.

கித்தா மரம், இறுகிய பாக்காவுக்கும் இலேசான மரங்களுக்கும் நடுவே நிற்கிறது. பால் வற்றி, மறுநடவுக்காகச் சாய்க்கப்பட்ட மரங்கள் ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் விறகாகவே போயின. அவற்றின் கரியைக் கொண்டு பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் இருந்த மலாயாவாத்தா ஆலை இரும்பு உருக்கியது. உலைக்கு ஏற்றது வாணத்துக்கும் ஏற்றதாகிவிடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி உரிமம் இன்றி வெடிமருந்து தயாரிப்பது குற்றம். பொழுதுபோக்குக்காகச் செய்தேன் என்பது அதற்கு விலக்காகாது. மரங்களின் வேறுபாட்டை அறிவதே உங்கள் நோக்கம் என்றால், ஒரே எடையுள்ள கரித்துண்டுகளைத் திறந்தவெளி அடுப்பில் தனித்தனியாக எரித்து, எரியும் நேரத்தையும் மிஞ்சும் சாம்பலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு எந்தக் கலவையும் தேவையில்லை.