அந்த நாலு லெக் பை

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர் லெதர் பால் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். ஆடத் தெரியாதவன்தான் ஸ்கோர் எழுதுவான் என்று பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். இப்போது செல்போன் செயலியும் வந்துவிட்டது. முறையாக ஸ்கோரர் தேர்வு எழுதலாமா? போன வாரம் எங்கள் ஊர் பேட்ஸ்மேன் 46-ல் இருந்தபோது, பேட்டில் படாமல் காலில் கட்டிய பேடில் பட்ட பந்து பவுண்டரிக்குப் போனது. அம்பயர் லெக் பை, அதாவது பேட்ஸ்மேன் கணக்கில் சேராத உதிரி ரன், என்று காட்டினார். கமிட்டி அண்ணன்கள் கேட்டுக்கொண்டதால் அதை பேட்ஸ்மேன் கணக்கில் எழுதி ஐம்பதாக்கினேன். மொத்த ஸ்கோர் மாறாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கிண்டலை விடுங்கள். செயலியையும் விடுங்கள். அது கூட்டித்தான் கொடுக்கும், அம்பயர் காட்டியதைப் பார்த்து அழுத்த வேண்டியது உங்கள் விரல். யாருக்கும் நஷ்டமில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். பந்து வீசுகிறவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் பந்து வீசியவன் வரவே இல்லை.

பேட்டிலும் உடம்பிலும் படாத பந்தில் ஓடி எடுக்கும் பையும், லெக் பையும் பவுலர் கணக்கில் சேராது. ஓவரில் மற்ற ஐந்து பந்திலும் ரன் இல்லை என்றால், நாலு லெக் பை போயிருந்தாலும் அது மெய்டன்தான், பவுலர் ரன்னே கொடுக்காத ஓவர். நீங்கள் பேட்ஸ்மேனுக்கு நாலு ரன் கொடுத்தீர்கள். அது எங்கிருந்து வந்தது? பேட்ஸ்மேன்களின் ரன்னும் உதிரியும் சேர்ந்தால் மொத்தம். பவுலர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக் பை சேர்ந்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கம் இடிக்கும். ஆகவே அந்தப் பந்தை வீசிய பையன் பெயருக்கு எதிரிலும் நாலு ரன்னை ஏற்றியிருப்பீர்கள். நல்ல பந்து போட்டு பேட்டை ஏமாற்றியவன் பவுண்டரி வாங்கியவனாகிவிட்டான்.

மாயவரம் பக்கம் ஒரு மேட்ச். புங்க மரத்தடியில் ஸ்கோரர் மேசை. ஆட்டம் முடிந்து எல்லோரும் கோப்பையைச் சுற்றி நிற்க, ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தான். காலையில் நாற்றுப் பறித்துவிட்டு வந்தவன், நகக்கண்ணில் சேறு அப்படியே இருந்தது. "அண்ணே, என்னோடது?" என்றான். ஸ்கோரர் ஏட்டைத் திருப்பி வைத்து, அவன் பெயருக்கு நேரே விரலை வைத்தார். ஏழு ஓவர், இரண்டு மெய்டன், பதினெட்டு ரன், விக்கெட் இல்லை. ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து அவர் மெய்டன் குறி போட்டிருந்த கட்டத்தை அவன் தடவிப் பார்த்தான். "ரெண்டு மெய்டனாண்ணே?" தோற்ற அணிக்காரன், விக்கெட்டும் கிடையாது. அன்றைக்கு அவனுக்கென்று இருந்தது அந்த இரண்டு கட்டங்கள்தான். அப்படி ஒரு கட்டத்தைத்தான் உங்கள் ஊர் மேட்சில் நீங்கள் ஊர்ப்பாசத்துக்காக எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப்பின் விதிகளில் மூன்றாவது விதி முழுக்க ஸ்கோரர்களுக்கானது. இரண்டு பேர் எழுத வேண்டும், அடிக்கடி ஒத்துப் பார்க்க வேண்டும், அம்பயரின் ஒவ்வொரு சைகையையும் ஏற்றுப் பதில் காட்ட வேண்டும். அவர் முழங்காலைத் தூக்கித் தொட்டுக் காட்டினார், நீங்கள் கை தூக்கினீர்கள். ஸ்கோரர் கை தூக்காமல் அம்பயர் ஆட்டத்தைத் தொடர விடக்கூடாது. பார்த்துவிட்டேன் என்று மைதானம் அறியச் சொல்லிவிட்டு வேறொன்றை எழுதுவது பச்சைப் பொய், தம்பி. கமிட்டி அண்ணன் கேட்டால் என்ன? அம்பயர் தவறாகவே காட்டியிருந்தாலும் அவர் காட்டியதைத்தான் எழுத வேண்டும். மாற்றி எழுத உங்களுக்கே உரிமை இல்லாதபோது கமிட்டி அண்ணனுக்கு ஏது? பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு ஸ்கோரர் என்ன செய்தார்? அப்படி ஒருவர் இல்லையென்றால் முதலில் ஒருவரை உட்கார வையுங்கள், எதிரணி ஆளாகப் பார்த்து.

தேர்வு கட்டாயம் எழுதுங்கள், மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள். அதற்கு முன் அந்த ஏட்டை எடுத்து, அம்பயரிடம் சொல்லிவிட்டு, நாலையும் லெக் பையில் சேருங்கள். வெற்றி தோல்வி மாறாது. ஐம்பது அடித்தவர் கோபப்படுவார், படட்டும். அப்புறம் அந்த பவுலர் எந்த ஊர்க்காரன் என்று விசாரித்து, திருத்திய பக்கத்தை அவனிடம் காட்டிவிட்டு வாருங்கள்.