இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டால் நெட்வொர்க் ஏன் படுத்துவிடுகிறது?

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய, செட்டிங் பக்கமே இல்லாத எட்டு போர்ட் ஸ்விட்சுகள், அதாவது கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டிகள், இரண்டு. ஒரு கேபிள் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்று இரண்டாவதையும் செருகினீர்கள். அடுத்த நிமிடமே துணைப்பாட நிலையம் முழுக்க இணையம் போய்விட்டது. இதுதானே கேள்வி? உங்கள் யோசனை சரிதான். ஆனால் அந்த ஸ்விட்சுகளுக்கு அது தாங்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஊபியில் ஒரு தொழிற்கட்டடத்தில் இருந்த அலுவலகம், திங்கட்கிழமை காலை 9 மணி. மேசைத் தொலைபேசிகளும் அதே நெட்வொர்க்கில்தான் ஓடின என்பதால், வரவேற்பில் இருந்த பெண் தன் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஸ்விட்சின் பச்சை விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மற்ற நாளில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மினுக்கும். கூட வந்த அண்ணன் கதவருகிலேயே நின்று, "தம்பி, இது லூப்பு. ஒவ்வொண்ணா பிடுங்கு" என்றார். பதினேழாவது கேபிளைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின.

அந்தக் கேபிள் கூட்ட அறைக்குப் போனது. வார இறுதியில் கம்பளம் சுத்தம் செய்திருக்கிறார்கள். தரையில் ஒரு முனை கிடந்ததைப் பார்த்து யாரோ பொறுப்பாகச் சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டார்கள். மறுமுனை ஏற்கெனவே பக்கத்துச் சாக்கெட்டில் இருந்தது! ஸ்விட்சிலிருந்து கிளம்பிய வழி ஸ்விட்சுக்கே திரும்பும் வட்டம், அதுதான் லூப்பு.

ஒரு கணினி "இந்த ஐபி யாருடையது?" என்று அனுப்பும் ஏஆர்பி கேள்வி (ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கணினியின் எண் முகவரி) எல்லோருக்குமானது; இப்படி எல்லோருக்கும் போவதுதான் பிராட்காஸ்ட். ஸ்விட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வெளியே விடும். நாம் ஜோகூர் போக உட்லண்ட்ஸ், துவாஸ் என்று இரண்டு பாலம் இருந்தாலும் ஒரு கார் ஒன்றில்தான் போகும். பிராட்காஸ்ட் அப்படியில்லை. இரண்டிலும் ஒவ்வொரு நகல் கிளம்பும். அக்கரை சேர்ந்ததும் ஒவ்வொன்றும் மற்ற பாலத்தில் ஏறி இக்கரைக்கு வரும், வந்ததும் மறுபடி கிளம்பும். ஐபி பாக்கெட்டுக்காவது டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஸ்விட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேம் என்ற தகவல் பொட்டலத்தில் அது கிடையாது. பெட்ரோல் தீராத கார். 64 பைட் ஃபிரேம் ஒரு கிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 1.49 மில்லியன் வரை போகும். அத்தனையையும் ஒவ்வொரு கணினியும் எட்டிப் பார்க்க வேண்டும். போதாததற்கு, ஒரே மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாள எண்) இப்போது 3ஆம் போர்ட்டில், அடுத்த கணம் 11இல் என்று தெரிய, ஸ்விட்ச் எதை எங்கே அனுப்புவது என்று தடுமாறிப் போகும்.

இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. 1985இல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ. ஸ்விட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பி, தங்களுக்குள் ஒன்றைத் தலைவனாக வைத்து, மிச்ச வழியை மூடிவைக்கும். ஓடுகிற வழி அறுந்தால் மூடியது திறக்கும்.

அப்படியானால் ஊபியில் ஏன் காப்பாற்றவில்லை? நான்தான் அதை அணைத்து வைத்திருந்தேன். பழைய ஸ்பேனிங் ட்ரீயில் போர்ட் உயிர் பெற 30 நொடி ஆகும். அதற்குள் கணினிகள் டிஎச்சிபி வழியாகத் தங்களுக்கு ஒரு ஐபி கேட்டு அலுத்துவிடும். "காலையில் ஐபி வரவில்லை" என்ற புலம்பல் தாங்காமல் மொத்தமாக அணைத்தேன். கணினி போர்ட்டுகளுக்கு மட்டும் போர்ட்ஃபாஸ்ட்டும் (காத்திருக்காமல் உடனே திறப்பது) பிபிடியு கார்டும் (ஸ்பேனிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடுவது) போட்டிருந்தால் போதும். யாராவது இப்படிச் செருகினாலும் அந்த போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும். திரும்ப இயக்கியபோது இன்னொரு கூத்து: எல்லா ஸ்விட்சிலும் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே இருந்ததால், சிறிய மேக் முகவரி வைத்திருந்த, ஸ்டோர் ரூமில் தூசி படிந்த பழசு தலைவனாகிவிட்டது. சிறிய எண்ணே ஜெயிக்கும் என்பதால் நடு ஸ்விட்சுக்கு 4096 கொடுத்துச் சரி செய்தேன்.

உங்கள் ஸ்விட்சுகளில் செட்டிங் பக்கமே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது கேபிளை ஒரு முனையில் மட்டும் செருகி, மறுமுனையைச் சுருட்டி, "தொடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். முதல் கேபிள் போனால் கையால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டுமென்றால் எல்ஏசிபி (பல கேபிள்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச், அதாவது செட்டிங் மாற்றக்கூடியது, இரண்டு பக்கமும் வேண்டும். அதிலும் இரு முனையிலும் செட்டிங்கை முடித்த பிறகே இரண்டாவது கேபிளைச் செருகுங்கள்.