சிவப்பு ஐசியோடு பாட்டி ஹட்யாய் போகலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வேன் பிடித்து, மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகத் தாய்லாந்தின் ஹட்யாய் போகிறோம். எங்கள் பாட்டி 1951-ல் இங்கேயே தோட்டத்து லயத்தில் பிறந்தவர், இன்னும் சிவப்பு ஐசிதான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை). வேன் ஏஜெண்ட், "வயதானவர்தானே, ஐசி போதும், நான் பேசிக்கொள்கிறேன்" என்கிறார். நம்பலாமா?
(வாசகி, பீடோங்)

பதில்: நம்பாதீர்கள் சகோதரி. பாட்டிக்கு முன்பணம் கட்டியிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். குடிமக்களின் நீல ஐசியோ, சிவப்பு ஐசியோ, எல்லையில் அதற்கு வேலையே கிடையாது. புக்கிட் காயு ஹீத்தாமில் நீங்கள் வெளியே போவதை நம் குடிநுழைவு அதிகாரி பதிய வேண்டும், அப்புறம் சடாவ் பக்கம் தாய்லாந்து அதிகாரி சாப் (முத்திரை) அடித்து உள்ளே விட வேண்டும். இரண்டுக்கும் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வேண்டும். யாரோ பேசி, பாட்டி வேனுக்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம், திரும்பி வரும்போது அவர் எப்போது, எப்படி வெளியே போனார் என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. அனுமதியில்லாத வழியில் போய் வருவதற்குக் குடிநுழைவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். கூண்டில் நிற்கப்போவது உங்கள் பாட்டி, அந்த ஏஜெண்ட் அல்ல.

சிவப்பு ஐசி என்றால் நிரந்தரவாசி, அவ்வளவுதான். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டுமே கிடைக்கும். எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லாத நிரந்தரவாசிகளுக்காகக் குடிநுழைவுத் துறையில் 'அடையாளச் சான்றிதழ்' என்று ஒரு பயணப் பத்திரம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம். அதோடு நாடு திரும்புவதற்கான பெர்மிட்டும் எடுக்க வேண்டும். தாய்லாந்து நம்மை விசா இல்லாமல் விடுவது நம் கடப்பிதழுக்காகத்தான், அதனால் பாட்டிக்குப் பினாங்கில் இருக்கும் தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் முன்கூட்டியே விசா கேட்க வேண்டியிருக்கும். இதெல்லாம் விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்று ஹோட்டல் அறை எடுத்துவிடாதீர்கள்.

ஹட்யாய் இருக்கட்டும், அது எங்கேயும் ஓடிவிடாது. 1951-ல் இந்த மண்ணில் பிறந்த ஒருவர் இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 16ஆவது பிரிவைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? 1957 ஆகஸ்டு 31-க்கு முன் இங்கே பிறந்தவர், விண்ணப்பிப்பதற்கு முந்திய 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டாவது இங்கே வாழ்ந்திருந்து, இங்கேயே நிரந்தரமாக இருக்கும் எண்ணமும் நன்னடத்தையும் அடிப்படை மலாய் அறிவும் இருந்தால், பதிவு மூலம் குடியுரிமை பெற அவருக்கு உரிமை உண்டு. பாட்டி பாசாரில் மலாய் பேசித்தானே இத்தனை காலம் மீன் வாங்கினார், மொழியை நினைத்து அவர் பயப்பட வேண்டாம்.

சிக்கல் வருவது பிறப்பை நிரூபிப்பதில். முதலில் ஐசி எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 இலக்கம் பிறந்த இடம். அது 02 என்றோ 25 முதல் 27-க்குள்ளோ இருந்தால், கெடாவில் பிறந்தவர் என்று தேசியப் பதிவிலாகாவே பதிந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் தோட்டப் பள்ளிப் பதிவேடு, பாட்டியின் பெற்றோருடைய பழைய ஐசி, திருமணப் பத்திரம், உடன்பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம் என்று கிடைக்கிற தாளையெல்லாம் ஒரு ஃபைலில் சேருங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பலருக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றே யாரும் சொல்லவில்லை, சிலர் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று இருந்துவிட்டார்கள், 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கேட்டபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. இதில் பாட்டியின் தவறு எதுவும் இல்லை, கவுண்டரில் அவரைத் தலைகுனிய விடாதீர்கள். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் கூடவே போங்கள்.

கேள்வி: மகனுக்கு 8 வயது, மைகிட் (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை) இருக்கிறது. என் கடப்பிதழில் அவன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமா?
(வாசகர், பாடாங் செராய்)

பதில்: முடியாது ஐயா. கைக்குழந்தையாக இருந்தாலும் தனிக் கடப்பிதழ்தான். பெரியவர்களுக்கு 200 வெள்ளி, 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் 100 வெள்ளி. பிறப்புப் பத்திரத்தோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை தாத்தா பாட்டியோடு மட்டும் பயணம் போவதாக இருந்தால், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புப் பத்திர நகலும் கையில் இருப்பது நல்லது.

கேள்வி: சங்லூனில் இருக்கும் என் மச்சான் பார்டர் பாஸ் வைத்துக்கொண்டு போய் வருகிறார். எனக்கும் கிடைக்குமா?
(வாசகர், பீடோங்)

பதில்: அது எல்லையோரத்தில் குடியிருப்பவர்களுக்கானது தம்பி. அதை வைத்துக்கொண்டு தென் தாய்லாந்தின் எல்லை மாநிலங்களுக்குத்தான் போகலாம், பாங்காக் போக முடியாது. பீடோங் முகவரிக்கு 'வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். மச்சான் முகவரியைப் போட்டு வாங்கும் யோசனையும் வேண்டாம்.

கேள்வி: கடப்பிதழ் முடிய 4 மாதம் இருக்கிறது. ஜொகூர் வழியாகச் சிங்கப்பூர் போகலாமா? ஆன்லைனில் ஏதோ கார்டு நிரப்பச் சொல்கிறார்களே?
(வாசகி, சுங்கைப்பட்டாணி)

பதில்: புதுப்பித்துவிட்டுப் போங்கள், சிங்கப்பூர் 6 மாதம் மீதி இருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் சொல்லும் வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இப்படி ஒரு டிஜிட்டல் அட்டை கேட்கிறது, தரைவழியாகப் போனாலும் வேண்டும். இரண்டுமே இலவசம், காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை. நம் ஆட்கள் தடுமாறுவது பெயரில்தான். பெயரில் 'மகன்', 'மகள்' என்பதற்குப் போடும் ஏ/எல், ஏ/பி-யில் வரும் சாய்கோட்டை வைத்துக் குழம்பாமல், கடப்பிதழின் படப் பக்கத்தில் கீழே இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ளபடியே நிரப்புங்கள், அந்த வரிகளில் சாய்கோடு வராது.

கேள்வி: வேன் வேண்டாம், ரயிலில் போனால் எங்கே சாப் அடிப்பார்கள்?
(வாசகர், குரூண்)

பதில்: கொமுட்டர் ரயிலில் எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை போங்கள். அந்த ஸ்டேஷனிலேயே நம் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் இருக்கின்றன, இரண்டையும் முடித்துவிட்டு ஹட்யாய் ரயில் ஏறலாம். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், டிக்கெட்டில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.