பழைய கேமுக்கு இன்னும் பணம் கட்டலாமா?

கேள்வி: தேசிய சேவையில் இருந்த காலத்தில் தொடங்கிய ஓர் இணைய விளையாட்டை இப்போதும் விளையாடுகிறேன். வெளிநாட்டு நிறுவனம், பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடும் கேம். மாதச் சந்தா 20 சிங்கப்பூர் வெள்ளி. போன வருடம் 'ஆதரவாளர் தொகுப்பு' என்று ஒன்றை 128 வெள்ளிக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் சர்வரை மாற்றுவோம், பழைய பக், அதாவது கோளாறு, எல்லாவற்றையும் சரிசெய்வோம் என்று அறிவிப்பு வந்தது. வாங்கினேன். இன்றைக்கும் ஞாயிறு இரவு கில்டோடு, அதாவது எங்கள் விளையாட்டுக் குழுவோடு, பெரிய சண்டைக்குப் போனால் லேக் அடித்து கேம் திணறிப் பாதிப் பேர் வெளியே விழுகிறார்கள். கடையில் மட்டும் வாரம் தவறாமல் புது உடை, புதுக் குதிரை. இப்போது ஒரு வருடச் சந்தாவை மொத்தமாக 168 வெள்ளிக்குக் கட்டினால் மேம்பாட்டுக்கு உதவியாக இருக்கும் என்கிறார்கள். கட்டலாமா? பழைய 128 வெள்ளியைத் திரும்பக் கேட்க முடியுமா?
– ஈசூன் வாசகர்

பதில்: ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். விளையாட ஆசை இருந்தால் மாதாமாதம் கட்டுங்கள், அதுவும் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு.

கணக்கைப் பாருங்கள். மாதம் 20 வெள்ளி என்றால் வருடத்துக்கு 240. 168 கட்டினால் 72 வெள்ளி மிச்சம் போலத் தெரியும். ஆனால் ஒன்பதாவது மாதத்தில்தான் அந்த மிச்சம் ஆரம்பிக்கிறது. அதற்குள் உங்களுக்கே சலித்துவிட்டாலோ, கில்ட் கலைந்துவிட்டாலோ, நிறுவனம் சர்வரை மூடிவிட்டாலோ நஷ்டம் உங்களுடையது. முன்பணம் என்றாலே இந்த ஆபத்து உண்டு. 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் உடற்பயிற்சிக்கூடம் இங்கே மூடியபோது வருடக் கணக்கில் முன்கூட்டியே கட்டியிருந்தவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். உடற்பயிற்சிக்கூடம், அழகு நிலையத் தொகுப்பு இவற்றுக்கு முன்பணம் கட்டும்போது ஜாக்கிரதை என்று சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம், அதாவது நம் கேஸ், திரும்பத் திரும்பச் சொல்கிறது. கேம் சந்தாவுக்கும் அதே எச்சரிக்கைதான், இன்னும் சொல்லப்போனால் அதைவிட அதிகம், ஏனென்றால் இங்கே போய்க் கதவைத் தட்ட ஒரு கடைகூடக் கிடையாது.

சரி, 128 வெள்ளி. முதலில் மின்னஞ்சலில் ரசீதைத் தேடி எடுங்கள். அதில் விற்றவர் யார் என்று பாருங்கள்: கேம் நிறுவனமா, ஸ்டீம் என்ற இணைய கேம் கடையா, ஆப்பிளா, கூகலா? பணம் யாருக்குப் போனதோ அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். ரசீதில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி இருந்தால் அதையும் கவனியுங்கள். 2020லிருந்து வெளிநாட்டு நிறுவனங்களும் ஒரு வரம்புக்கு மேல் இங்கே மின்னிலக்கச் சேவை விற்றால் பதிவுசெய்து வரி வசூலிக்க வேண்டும். அதனால் ரசீதில் வரி இருப்பதை வைத்து அந்த நிறுவனத்துக்கு இங்கே அலுவலகம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பதிவான நிறுவனமா என்பதை நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைப் போட்டாலே தெரிந்துவிடும், இலவசம்தான்.

அப்புறம் அந்த விற்பனைப் பக்கம். அதில் இருந்த வாசகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 'இந்தத் தொகுப்பில் இந்தக் குதிரை, இந்தப் பட்டம், டிசம்பருக்குள் இந்தப் புதிய பகுதி' என்று பட்டியல் போட்டு விற்று, அதில் ஒன்றைத் தரவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. 'உங்கள் ஆதரவால் சர்வரை மேம்படுத்தத் திட்டமிட்டிருக்கிறோம்' என்று மட்டும் இருந்தால் கஷ்டம். திட்டம் என்று எழுதிவிட்டால் நாளைக்கு 'திட்டம் மாறிவிட்டது' என்று சொல்ல வழி வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். நமது நியாய வர்த்தகப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான தகவல் கொடுத்து விற்பதை நியாயமற்ற செயல் என்கிறது. வாங்குபவர் இங்கே வசிப்பவர் என்றாலே அந்தச் சட்டம் பொருந்தும், விற்பவர் எங்கே இருந்தாலும் சரி. ஆனால் சட்டம் பொருந்துவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. இங்கே பதிவான நிறுவனம் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை வழக்கு, வக்கீல் கிடையாது, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குத் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வெளிநாட்டில் மட்டும் இருக்கிற நிறுவனத்தை 128 வெள்ளிக்காக அங்கே இழுப்பது நடைமுறையில் நடக்காது.

கார்டு வங்கி மூலமாகப் பணத்தைத் திருப்பி எடுக்கலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். அதற்குக் கெடு சில மாதங்கள்தான், நீங்கள் வாங்கிப் பல மாதம் ஆகிவிட்டது. அதைவிட முக்கியம், அப்படி எடுத்தால் பல நிறுவனங்கள் கணக்கையே முடக்கிவிடும். இத்தனை வருடம் வளர்த்த கணக்கு போய்விடும். இதை யோசிக்காமல் வங்கிக்கு ஃபோன் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனசைத் தைத்தது பணம் இல்லை, அந்த ஞாயிறு இரவுதான். வேலை, குடும்பம், குழந்தை என்று ஆளுக்கொரு பக்கம் போன நண்பர்கள் வாரத்தில் ஒரு முறை சேரும் இடம் அது. 'ஒரு கேம்தானே, விட்டுவிட்டுப் போ' என்று சொல்பவர்களுக்கு இது புரியாது. அந்தப் பாசத்தை வைத்துத்தான் 'ஆதரவாளர்' என்ற பெயரில் விற்கிறார்கள், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பணம் கொடுத்தால் பக் சரியாகும் என்ற நம்பிக்கையையே நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். பழைய கேமின் நிரல் பத்து, பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதியது. எழுதியவர்களில் பலர் வேலை மாறிப் போயிருப்பார்கள். ஒரு லேக் பிரச்சினையைச் சரிசெய்ய சர்வர் பொறியாளர் மாதக் கணக்கில் தோண்ட வேண்டியிருக்கும், செய்து முடித்தாலும் அதற்கு விலை போட்டு விற்க முடியாது. குதிரைக்குப் புது நிறம் அடிப்பது ஓவியர் வேலை, வெளியிட்ட அன்றே காசு. உடை வரைபவரை சர்வர் பக்கம் உட்கார வைக்க முடியாது என்பதும் உண்மைதான், அதனால் கடையில் புது உடை வந்தாலே உங்கள் பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்று ஆகிவிடாது. ஆனால் எத்தனை ஓவியர், எத்தனை பொறியாளர் என்று முடிவு செய்வது நிர்வாகம். பழைய கேம் சம்பாதிப்பதை அதே நிறுவனத்தின் அடுத்த கேமுக்குத் திருப்பிவிடுவதும் அவர்கள் உரிமை. சந்தா கட்டும் நமக்கு அதில் ஓட்டு இல்லை. நீங்கள் முதலீட்டாளர் இல்லை, வாடிக்கையாளர்.

பணம் இருந்தும் கவனம் இல்லாமல் போவதற்கு டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் நல்ல உதாரணம். 2007ல் வந்தது, 2011ல் இலவசமானது. அதை நடத்தும் வால்வ் பணத்துக்குக் கஷ்டப்படும் நிறுவனம் இல்லை. இருந்தும் 2017க்குப் பிறகு பெரிய புதுப்பிப்பு வரவில்லை, தானாகச் சுடும் பாட் கணக்குகள் பொதுச் சர்வர்களில் புகுந்து ஆட்டத்தையே கெடுத்தன. அந்தக் காலம் முழுக்க கேமுக்குள் பரிசுப் பெட்டி திறக்கும் சாவி 2.49 அமெரிக்க டாலருக்கு விற்பனையில்தான் இருந்தது. 2022 மே மாதத்திலும் 2024 ஜூனிலும் விளையாட்டாளர்கள் கூட்டமாகக் குரல் கொடுத்தார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகுதான் பாட்களை மொத்தமாகத் தடை செய்தார்கள். எத்தனை சாவி விற்றாலும் நடக்காதது சத்தம் போட்டதும் நடந்தது.

பணத்தை நிறுத்தினாலும் பலன் உண்டு. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம் 2003லிருந்து ஓடுகிறது. 2011ல் கேமின் அடிப்படைப் பிரச்சினைகளைக் கிடப்பில் போட்டுவிட்டு அலங்காரக் கடையைத் திறந்தார்கள், அதில் பாத்திரத்தின் ஒரு கண்ணில் மாட்டும் கண்ணாடி ஒன்று அறுபது அமெரிக்க டாலருக்கு மேல். விளையாட்டாளர்கள் கேமுக்குள்ளேயே கிளர்ச்சி செய்தார்கள், நிறையப் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அக்டோபரில் தலைமை நிர்வாகி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், விண்கலச் சண்டைப் பக்கம் கவனம் திரும்பியது. அதே மாதத்தில் நிறுவனம் ஊழியர்களில் சுமார் ஐந்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும். சந்தாவை நிறுத்துவது வலிக்காத ஆயுதம் இல்லை. 'நாம் நிறுத்தினால் கேமே செத்துவிடும்' என்று உங்கள் கில்ட் தலைவர் பயப்பட்டால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாரத்தை மாதம் 20 வெள்ளி கட்டுகிறவர் தலையில் வைப்பது சரியில்லை என்பதுதான் என் கருத்து. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இணைய கேமின் விளையாட்டாளர்கள் விசுவாசத்தில் குறைவில்லாதவர்கள், நிறுவனம் தன் பாதையை மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லி 2012 நவம்பரில் சர்வரை மூடிவிட்டது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கடந்த ஆறு மாதப் புதுப்பிப்புக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, கடைப் பொருள், திருவிழா, உடை என்று வரும் வரிகளை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் சந்தா வாங்கித் தந்த மேம்பாடு. சர்வர், இணைப்பு, நினைவகம் என்று ஒவ்வொரு மாதமும் இரண்டு வரியாவது இருந்தால் யாரோ உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், மாதச் சந்தாவைத் தொடரலாம். ஒன்றுமே இல்லை என்றால் அறிவிப்பு எவ்வளவு இனிக்க இனிக்க இருந்தாலும் நம்பாதீர்கள். நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் பாருங்கள், சர்வரை மாற்றப்போகிறோம் என்பவர்கள் சர்வர் ஆள் தேடுகிறார்களா என்று. ஒரு பக் சரியாகி, ஒரு புதுப் பகுதி வந்து, நீங்களும் விளையாடிப் பார்த்துப் பிடித்திருந்தால் அன்றைக்கு ஒரு உடை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கொடுக்கிற காசு அது.

கேள்வி: நான் சின்ன வயதில் விளையாடிய கேமை உருவாக்கியவர்களில் சிலர் தனியாகப் பிரிந்து வந்து, அதே மாதிரி ஒன்றைப் புதிதாகச் செய்ய, பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டுகிறார்கள். 200 வெள்ளி போடலாம் என்று இருக்கிறேன். பாதுகாப்பானதா?
– செங்காங் வாசகி

பதில்: இது வாங்குவது இல்லை, ஒருவர் முயற்சிக்குத் தோள் கொடுப்பது. இலக்குத் தொகை சேராவிட்டால் உங்கள் கார்டில் பணம் எடுக்க மாட்டார்கள், அதுவரை பாதுகாப்பு. சேர்ந்துவிட்டால் பணம் அவர்கள் கைக்குப் போய்விடும், கேம் வரவில்லை என்றாலும் கிக்ஸ்டார்ட்டர் திருப்பித் தராது. ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி கேமுக்கு 2012ல் அங்கே பணம் திரட்டியபோது 2014ல் வெளியிடுவதாகத்தான் எண்ணம். அதன் பிறகு சொந்தத் தளத்திலும் கேமுக்குள் ஓட்டும் விண்கப்பல்களை விற்று 70 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டார்கள், கேம் இன்னும் சோதனை நிலையில்தான். அதற்குள் போய் ரசித்து விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் காத்திருந்தே களைத்தவர்களும் இருக்கிறார்கள். பல பேர் சேர்ந்து விளையாடும் கேம் என்பது செய்வதிலேயே மிகச் செலவான வகை, வெளியான பிறகும் சர்வர் செலவு மாதாமாதம் ஓடும். அதனால் அவர்கள் கேட்கும் தொகை எத்தனை மாதச் சம்பளத்துக்குப் போதும் என்று கேளுங்கள். விளையாடிப் பார்க்கக்கூடிய மாதிரி கேம் ஒன்றைக் காட்டுகிறார்களா, வெறும் ஓவியமா? மாதிரி இல்லை என்றால் நான் போட மாட்டேன். இருந்தால் மிகக் குறைந்த தொகைப் படியில், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற பணத்தைப் போடுங்கள். 200 வெள்ளி அந்த வகைப் பணமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: சர்வர் மூடினால் நான் வாங்கிய பொருளெல்லாம் என்ன ஆகும்? காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: போய்விடும். நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமம்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். த க்ரூ என்ற கார்ப் பந்தய கேம் 2014ல் வந்தது, 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும் தனியாக ஓட்டக்கூட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில்தான் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கம் கிளம்பி, ஐரோப்பாவில் 2025ல் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது, நம் ஊரிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இப்போதைக்குக் கணக்கில் காசாக எதையும் தேக்கி வைக்காதீர்கள், தேவைப்படும்போது தேவையான அளவுக்கு மட்டும் டாப்-அப் செய்யுங்கள். மூடும் அறிவிப்பு வந்தால் மிச்சக் காசைத் திருப்பித் தருகிறார்களா என்று அன்றே படியுங்கள், பெரும்பாலும் அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும்.

கேள்வி: வெறுத்துவிட்டது, கேம் கணக்கைக் கேரசல் விற்பனைத் தளத்தில் விற்றுவிடலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: வேண்டாம். கணக்கைக் கைமாற்றுவதைப் பெரும்பாலான கேம்கள் தடை செய்கின்றன, தெரிந்தால் முடக்கிவிடுவார்கள். முடங்கினால் வாங்கியவர் உங்களிடம் பணத்தைக் கேட்டு வருவார், அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். கார்டு விவரத்தை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.