நரைத்த தலையும் நாற்பது வகுப்புத் தோழர்களும்: வாசகர் கேள்வி – பதில்

ஐம்பதைத் தாண்டிய பிறகு மறுபடி கல்லூரிப் படியேறியவர்களிடமிருந்து இந்த முறை ஒரே விஷயத்தைப் பற்றிப் பல கடிதங்கள். செமஸ்டர் முடியப் போகிறது. பிள்ளைகள் வயதுள்ள வகுப்புத் தோழர்களிடம் எப்படி விடைபெறுவது என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களோடு படித்த இளசுகளும் எழுதியிருக்கிறார்கள்.

கே: எனக்கு 54 வயது. எம்.ஏ. தமிழ், கடைசி செமஸ்டர். வகுப்பில் 38 பேர், எல்லாரும் என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிவு உபசார விழாவில் மூன்று நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது? நடுவில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

ப: முதலில் அளவு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல் போகும். ஆக, முந்நூறு சொல். கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம். அதற்கு மேல் எழுதியிருந்தால் வீட்டிலேயே வெட்டிவிடுங்கள். மேடை ஏறிய பிறகு வெட்ட யாருக்கும் மனசு வராது.

வயதில் மூத்தவர் மைக்கைப் பிடித்தாலே கூட்டம் அறிவுரைக்குத் தயாராகிவிடும். கைபேசிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால் எழுதி முடித்ததும் 'வேண்டும்' என்று முடிகிற வாக்கியங்களைத் தேடி அடித்துவிடுங்கள். 'பெற்றோரை மதிக்க வேண்டும்', 'நேரத்தை வீணாக்காமல் இருக்க வேண்டும்' எல்லாம் போகட்டும். போன பிறகு மிச்சம் இருப்பதுதான் உங்கள் பேச்சு. ஒன்றும் மிச்சமில்லை என்றால் புதிதாக எழுதிக்கொள்ளலாம், நாள் இருக்கிறது.

அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு, அவர்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு இப்படி: "திணை, துறை கேட்டால் எழுதிவிடுவேன். அசைன்மென்ட்டை பிடிஎஃப் ஆக்கி ஏற்று என்றபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அன்றைக்கு என் போனை வாங்கி இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்த பிள்ளை, 'அடுத்த தடவை நீங்களே போடுவீங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போனது. அடுத்த தடவையும் அதுதான் போட்டது." இதில் பெயர் இல்லை, கவனியுங்கள். மூன்று பேரின் பெயரைச் சொன்னால் மீதி 35 பேருக்கும் ஒரு சின்ன ஏமாற்றம். பெயரில்லாமல் சொன்னாலும் அது யார் என்று வகுப்புக்குத் தெரியும்; சிரிப்பும் வரும்.

இன்னொன்று. 'நாம் எல்லாரும் பட்டத்தோடு வெளியே போகிறோம்' என்ற மாதிரி வரி வேண்டாம். வகுப்பில் யாருக்காவது அரியர் இருக்கும். அந்த வரி வரும்போது அவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

அழுகைக்கு வருவோம். அது பெரும்பாலும் கடைசி வரியில்தான் வரும். மனசைத் தொடுகிற வரியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, அது நெருங்க நெருங்கத் தொண்டையை இறுக்கிக்கொள்கிறோம். அந்த வரியை நடுவுக்கு மாற்றிவிடுங்கள். கடைசியில், 'பின் பெஞ்சில் கேசரி இருக்கிறது, கை கழுவிவிட்டு வாருங்கள்' என்பது போல ஒரு சாதாரணத் தகவல் இருக்கட்டும். குரல் உடைந்தால் ஒரு மிடறு தண்ணீர், பிறகு பின் சுவரைப் பார்த்துத் தொடருங்கள். முதல் வரிசை முகங்களைப் பார்த்தால் தொலைந்தது.

கே: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வரலாறு படிக்கிறேன். வகுப்பில் 42 பேர். ஆளுக்கொரு பரிசு வாங்கலாமா, கையால் வாழ்த்து அட்டை எழுதிக் கொடுக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: அட்டைதான். 42 பேனா வாங்கினால் அடுத்த பரீட்சைக்குள் பாதி காணாமல் போயிருக்கும். ஆனால் அட்டை எழுதுவதில் சறுக்கும் இடங்கள் உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

கடையில் அச்சடித்த அட்டை வேண்டாம். அதில் ஏற்கெனவே நாலு வரி இருக்கும், உங்களுக்கு இடம் இருக்காது. 250 ஜிஎஸ்எம் கனத்தில் பளபளப்பு இல்லாத கெட்டித் தாளை ஏ4 அளவில் வாங்குங்கள். ஒரு தாளை நாலாக வெட்டினால் அஞ்சலட்டை அளவுக்கு நாலு துண்டு கிடைக்கும். 42 பேருக்குப் 11 தாள், கெட்டுப்போனால் மாற்ற இன்னும் இரண்டு. ஜெராக்ஸ் கடையில் வெட்டும் இயந்திரம் இருக்கும், அங்கேயே கொடுத்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் கோணும். பளபளப்பான தாளில் ஜெல் பேனா மை உடனே காயாது. அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதும் ஒருவர் வாழ்த்து அடுத்தவர் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சாதா பால்பாயின்ட் பேனா போதும்.

ஒரே இரவில் 42 எழுத உட்கார்ந்தால் பதினைந்தாவது அட்டையில் 'வாழ்வில் வளம் பெற வாழ்த்துகள்' வந்துவிடும். அதன்பின் எல்லா அட்டையிலும் அதுவேதான். நாளைக்கு ஆறு வீதம் எழுதினால் ஒரு வாரத்தில் முடியும். நெருங்கிப் பழகாதவர்களை முதலில் எழுதுங்கள். அவர்களைப் பற்றி யோசிக்கத்தான் நேரம் பிடிக்கும், அதைச் சோர்வு வராத முதல் நாட்களில் செய்துவிடலாம்.

ஒருவருக்கு மூன்று வரி. அவரிடம் நீங்கள் கவனித்த ஒன்று, அவரால் உங்களுக்குக் கிடைத்த ஒன்று, கையெழுத்து. "முதல் பீரியடுக்கு ஒரு நாளும் நீ நேரத்துக்கு வந்ததில்லை. வந்த பிறகுதான் வகுப்பு வகுப்பாக இருக்கும்." "கல்வெட்டுத் தாளில் எனக்குப் புரியாததை எல்லாம் கேண்டீன் மேசையில் டீ ஆறும்வரை சொல்லிக்கொடுத்தாய்." இப்படி எழுதினால் அது வேறு யாருக்கும் பொருந்தாது. பொருந்தினால் மறுபடி எழுதுங்கள். எல்லாருக்கும் நீளம் ஒன்றாக இருப்பது முக்கியம். வாங்கிய ஐந்தாவது நிமிடத்தில் வராந்தாவில் நின்று மாற்றி மாற்றிப் படிப்பார்கள். ஒருவருக்கு இரண்டு பக்கமும் நிறைய, இன்னொருவருக்கு ஒரே வரி என்றால், அந்த ஒரு வரிக்காரர் சிரித்துக்கொண்டே அதைப் பைக்குள் வைத்துவிடுவார். நெருக்கமானவர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுங்கள், வேறொரு நாள் கொடுங்கள்.

வருகைப் பட்டியலைப் பார்த்துப் பெயர்களைச் சரிபார்த்துவிடுங்கள். இரண்டு வருடம் பட்டப்பெயரிலேயே கூப்பிட்டுப் பழகியவருக்கு உண்மைப் பெயரைத் தப்பாக எழுதுவது சகஜமாக நடக்கிறது. அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போகாமல் கையில் கொடுங்கள். அன்று வராதவருடையதை அவருடைய சிநேகிதரிடம் கொடுத்தனுப்பலாம்.

திருக்குறள் கையடக்கப் பதிப்பு கொடுக்கலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் 1330-இல் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்து அடிக்கோடு போட்டால் பரிசு அறிவுரையாகிவிடும். கோடு போடாமல் கொடுங்கள்.

கே: எங்கள் வகுப்பில் 61 வயது 'சார்' ஒருவர் படித்தார். அவருக்கு நினைவாக ஏதாவது கொடுக்க ஆசை. குழுப் படமும் எடுக்க வேண்டும். மொத்தம் 45 பேர், கையில் இருப்பது செல்போன் மட்டும்தான். (மாணவிகள், மதுரை)

ப: இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். குழுப் படத்தைச் சுற்றி எல்லாரும் கையெழுத்துப் போட்ட சட்டம் நல்ல பரிசு.

படம் எடுப்பவர் நரைத்த தலையைப் பார்த்ததும் அவரைப் பேராசிரியர்களோடு நாற்காலியில் உட்காரச் சொல்வார். முதலிலேயே சொல்லிவையுங்கள், சார் மாணவர் வரிசையில் உங்களோடு. நெடுநேரம் நிற்க முடியாதவர் என்றால், வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் இன்னும் இரண்டு மாணவர்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள், தனியாகத் தெரியாது.

45 பேருக்கு நாலு வரிசை. தரையில் 10, நாற்காலியில் 11, நிற்பவர்கள் 12, பின்னால் பெஞ்சின்மேல் 12. நடுப்பகல் வெயில் வேண்டாம், கண்குழியில் நிழல் விழும். கட்டட நிழலில் எடுங்கள். நிழல் எல்லார் மேலும் ஒரேபோல் விழட்டும், பாதிப் பேர் வெயிலில் நின்றால் அவர்கள் முகம் வெளிறிப்போகும். எல்லாரும் அடங்கட்டும் என்று கேமராவில் 0.5 என்று காட்டும் அகல லென்ஸுக்குப் போகாதீர்கள், ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிவிடுவார்கள். 1-லேயே வைத்துப் பத்தடி பின்னால் போங்கள். சாரின் மூக்குக் கண்ணாடி பளபளத்தால் மோவாயைச் சற்றே தாழ்த்தச் சொல்லுங்கள்.

கண் மூடுவதுதான் பெரிய தொல்லை. இருபது பேருக்குக் குறைவான கூட்டம் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுங்கள் என்று ஒரு கணக்கு உண்டு. 45 பேருக்கு அந்தக் கணக்குப் போதாது, முடிந்தவரை அதிகமாக எடுங்கள். அப்போதும் ஒன்றிலாவது எல்லார் கண்ணும் திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

செல்போன் படம் 4:3 விகிதம். 12-க்கு 8 அங்குலத்தில் பிரின்ட் போட்டால் 3:2 ஆகும். உயரத்தில் சுமார் 11 சதவீதம் வெட்டுப்படும். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் விடாமல் எடுத்தால் பெஞ்சின்மேல் நிற்பவர்களின் முடி போய்விடும். ஸ்டூடியோவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தெளிவு குறையாது.

16-க்கு 12 அங்குல மவுன்ட் அட்டையில் (படத்தைச் சுற்றி ஓரமாக நிற்கும், நடுவில் வெட்டிய கெட்டி அட்டை) அந்தப் படத்தை வைத்தால் நாலு பக்கமும் இரண்டு அங்குல வெள்ளை ஓரம் கிடைக்கும். பென்சிலால் மெல்லிய கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் பத்துப் பேர் இடத்தை எல்லாம் பிடித்துவிடுவார்கள். கண்ணாடி போடுவதற்கு முன் கையெழுத்து வாங்கி முடியுங்கள். மவுன்ட் இல்லாமல் கண்ணாடி நேராகப் படத்தில் படும்படி சட்டம் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகங்கள் கண்ணாடியோடு போகும்.

கே: கடைசி வகுப்புக்கு நானே கேசரி கிண்டிக்கொண்டு போகப் போகிறேன். 40 பேர். அளவு சொல்லுங்கள். (வாசகி, விருதுநகர்)

ப: ரவை முக்கால் கிலோ, சர்க்கரை ஒன்றேகால் கிலோ, தண்ணீர் இரண்டேகால் லிட்டர், நெய் 300 கிராம், முந்திரி 100, திராட்சை 50. ஆளுக்கு 100 கிராம் கொடுத்து, வாட்ச்மேனுக்கும் அலுவலகத்துக்கும் மிஞ்சும்.

ரவையை மணம் வரும்வரை நெய்யில் வறுத்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு கை கிளற மறு கையால் தூவுங்கள். ரவை முழுக்க வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ரவை அதன்பின் வேகாது, பல்லில் நறநறக்கும். சர்க்கரை சேர்த்ததும் இளகும், பயப்படாமல் கிளறுங்கள். சுடச்சுட மூடி போட்டுப் பேருந்தில் எடுத்துப்போனால் ஆவி வேர்த்துத் தண்ணீர் சொட்டும். மேலே வாழையிலை போட்டு, ஆறியபின் மூடுங்கள். கூடவே மிக்சர் ஆளுக்கு 50 கிராம் கணக்கில் இரண்டு கிலோ. டீயை எதிர்க்கடையில் சொல்லிவிடுங்கள், அதையும் வீட்டிலிருந்து தூக்க வேண்டாம்.

கே: விழாவைப் பரீட்சை முடிந்த நாளில் வைக்கலாமா? நான் படிப்பது இக்னோ தொலைநிலைக் கல்வியில். (வாசகர், சேலம்)

ப: வேண்டாம். உங்களுக்கு ஜூன், டிசம்பர் தேர்வுகளில் ஆளுக்கொரு மையம் அமையலாம், யாரும் யாரையும் பார்க்காமலே போய்விடுவீர்கள். வார இறுதி வகுப்புகளில் கடைசி வகுப்பு நாளையே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் நேரடியாகப் படிப்பவர்களுக்கும் இதுதான். விருப்பப் பாடம் வேறு வேறாக இருப்பதால் கடைசிப் பரீட்சை எல்லாருக்கும் ஒரே நாளில் வராது. ஒரு மணிக்குத் தாளைக் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் நிற்க மாட்டார்கள். ஸ்டடி ஹாலிடேஸுக்கு முந்தைய வேலை நாள் சரி.

கே: வெள்ளைச் சட்டையில் எல்லாரும் எழுதினார்கள், என் சட்டையிலும். ஒரே துவைப்பில் போய்விடுமா? (வாசகர், திருநெல்வேலி)

ப: சாதா மார்க்கர் என்றால் வெளிறும். துணிக்கென்று விற்கிற மார்க்கராக இருந்தால் ஒரு நாள் காயவிட்டு, சட்டையை உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டுவிட்டுத் துவைக்கலாம். இன்னும் எழுதாதவர்களுக்கு: சட்டைக்குள் ஓர் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முன்பக்க மை முதுகுக்குப் போகும். எந்த மார்க்கர் என்றே தெரியாவிட்டால் துவைக்காமல் மடித்து வைத்துவிடுவதுதான் வழி.

கே: எல்லாருடைய போன் நம்பரையும் முகவரியையும் வாங்கி அச்சடித்துக் கொடுக்க நினைக்கிறேன். சரிதானே? (வாசகி, திருச்சி)

ப: பாதி சரி. பெண் பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் எண் 40 பேர் கையில் போவது பிடிக்காது. நீங்கள் கேட்டால் பெரியவர் என்பதற்காக மறுக்கவும் மாட்டார்கள். அதனால் நேரில் கேட்காதீர்கள். ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டு, விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதட்டும் என்று சொல்லிவிடுங்கள். பெயர், சொந்த ஊர், பிறந்த நாள், சொந்த மின்னஞ்சல் என்று நாலு கட்டம் போதும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை எழுதவிடாதீர்கள், படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடுவதுண்டு. எண்ணும் வீடும் வேலையும் மாறிக்கொண்டிருக்கும், சொந்த ஊர் மாறாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர்களும் இருப்பார்கள், செமஸ்டர் முடிந்ததும் அது ஓய்ந்துவிடும். மாணவர்களே தனிக் குழு தொடங்கும்போது உங்களையும் சேர்ப்பார்கள். தினமும் 'காலை வணக்கம்' படம் அனுப்பாதவரை வைத்திருப்பார்கள்.